பாவையும் மனித உடலும்

மோட்டார் வண்டிகளைச் செய்வோர், அவற்றைச் சந்தைக்கு அனுப்புமுன் சிலவற்றை வேண்டுமென்றே தடுப்புச் சுவரின்மீது மோதவிட்டு உடைத்துப் பார்க்கின்றனர் என்பதை நம் வாசகர் பலரும் அறிவர். அவ்வண்டிகளுள் மனிதருக்குப் பதிலாக அமர்த்தப்படும் பொம்மைக்கு டம்மி என்பது வழக்கு. ஈண்டு அதனைப் பாவை என்றே குறிப்போம். பாவை மோதுண்டு குலுங்கும் படங்களைக் காண்போர் இரு திறத்தினராய்ப் பிரிந்து பேசக் கேட்கின்றோம். ஒரு சாரார், பாவைக்கு ஊறு நேராத வண்டியில் நமக்கும் ஊறு நேராது என்று முழு நம்பிக்கை கொள்கின்றனர். மற்றொரு சாரார், இரும்பும் ரப்பருமாகிய உருவம் எங்கே, குருதியும் நரம்புமாகிய மனிதன் எங்கே என்று நகைத்து, சோதனை முழுவதையும் வியாபார ஜாலமென ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரண்டும் பொருந்தா என்பது நம் அபிப்பிராயம். பாவை எந்த அளவில் மனித உடலை ஒத்தது, ஒவ்வாத இடத்தில் யாது விளைந்தது என்பவற்றை ஆராய்ந்து, அதிலிருந்து கொள்ளவேண்டிய முடிவை இங்கே கூறப் புகுகின்றோம்.

முதற்கண் ஒப்புமை என்பது யாதென்று தெளிதல் வேண்டும். நெல்லை அளக்கும் மரக்கால் நெல்லைப்போல இருக்கவேண்டுவதில்லை. அளவில் பிறழாதிருந்தால் போதும். பாவையும் ஓர் அளவு கருவியே. அதன் முகத்தில் அழகு வேண்டா. கண்ணும் காதும் வேண்டா. ஆனால் மனிதனுக்குள்ள எடையும், அவ்வெடை தலை, மார்பு, தொடை முதலிய உறுப்புக்களில் பகிர்ந்து கிடக்கும் முறையும், மூட்டுக்கள் மடங்கும் தன்மையும், தாக்குண்டபோது உடல் அமுங்கும் அளவும் அதனிடம் இருத்தல் வேண்டும். மனிதனுக்கு எலும்பு முறியும் இடத்தில் பாவைக்கு முறிதல் கூடாது என்பது மற்றொன்று. ஒருமுறை மோதியதும் உடைந்துபோகும் பாவையைக் கொண்டு நேற்றைய வண்டியையும் இன்றைய வண்டியையும் ஒப்பிடல் இயலாது. எனவே பாவை காயப்படுவதில்லை. காயத்தை விளைக்கக்கூடிய விசையை அளந்து சொல்கிறது. அவ்வளவைக் கொண்டு மனிதனுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று தீர்ப்புக் கூறுவோர் ஆராய்ச்சியாளரே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே பெரும்பாலான மயக்கங்கள் பிறக்கின்றன.

அங்ஙனமாயின், எவ்வளவு விசை எவ்வளவு காயத்தை விளைக்கும் என்பதை ஆராய்ச்சியாளர் எவ்வாறு அறிந்தனர்? இதற்கு விடை பாவையிடம் இல்லை. மனித உடலிடமே உண்டு. அமெரிக்காவில் மோட்டார்த் தொழிலுக்குத் தலைநகராய் விளங்கிய டெட்ராயிட் நகரில், வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர் 1930-களின் இறுதியில் இறந்தோர் உடல்களைக் கொண்டு இவ்வாராய்ச்சியைத் தொடங்கினர். மண்டையோடு எவ்வளவு அடியைத் தாங்கும், மார்பெலும்பு எவ்வளவு அமுங்கியபின் முறியும் என்பவற்றை அவர்கள் ஒவ்வொன்றாக அளந்தனர். இன்றும் தலைக்காயத்தைக் கணக்கிடும் சூத்திரத்திற்கு அடிப்படையாய் நிற்பது அப்பல்கலைக்கழகத்தில் வரையப்பட்ட வளைகோடே.

இறந்தோர் மட்டுமன்று, உயிருள்ளோரும் தம் உடலை இதற்கு ஈந்தனர். அமெரிக்க விமானப்படையின் மருத்துவராகிய ஜான் பால் ஸ்டாப் என்பார் 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் இராக்கெட்டு பூட்டிய சறுக்குவண்டி ஒன்றில் தம்மைக் கட்டிக்கொண்டு, மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சென்று, ஒன்றரை விநாடிக்கும் குறைந்த நேரத்தில் நிறுத்தப்பட்டார். புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு விசை அவர் உடலைத் தாக்கிற்று. கண்களில் குருதி கட்டிச் சிறிது காலம் பார்வையின்றி இருந்தார். பின்னர்த் தேறி 1999 வரை வாழ்ந்தார். வேய்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் பாட்ரிக் என்பார், இத்தகைய சறுக்குவண்டியில் ஏறத்தாழ நானூறு முறை தாமே ஏறினார். உலோக ஊசற்குண்டு தம் மார்பைத் தாக்கவும் இசைந்தார்.

இவ்விரு வகை அறிவிலும் குறையுண்டு. உயிருள்ளவனைக் காயப்படும் எல்லைவரை கொண்டுசெல்வது அறமன்று. அவ்வெல்லையைக் கடக்க இசையும் பிரேதத்திலோ தசை இறுக்கம் இல்லை. அன்றியும் இறந்தபின் கிடைக்கும் உடல்கள் பெரும்பாலும் முதியோருடையவை. மோதப்போவதை அறிந்த ஓட்டுநன் கால்களை ஊன்றி, கைகளை விறைத்து, கழுத்தை இறுக்கிக்கொள்வான். பிரேதம் அவ்வாறு செய்யாது. இவ்விரண்டு குறைவுள்ள சாட்சிகளினிடையே நின்றே பாவையைச் செய்வோர் தம் தொழிலை நடத்தவேண்டியிருக்கிறது.

பாவையின் வரலாறும் நினைக்கத்தக்கது. 1949-ஆம் ஆண்டில் சாமுவேல் ஆல்டர்சன் என்பாருடைய முயற்சியால் தோன்றிய சியரா சாம் என்னும் பாவை மோட்டாருக்காகப் பிறந்ததன்று. விமானத்தினின்று விமானியை வெளியே வீசும் இருக்கைகளைச் சோதிப்பதற்காக, உடல் பருத்த ஆடவன் ஒருவனின் அளவில் அமெரிக்க விமானப்படை அதனைப் பயன்படுத்திற்று. பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் பல பாவைகளின் நற்கூறுகளைச் சேர்த்து 1971-இல் ஹைப்ரிட் ஒன்று, 1972-இல் ஹைப்ரிட் இரண்டு, 1976-இல் ஹைப்ரிட் மூன்று என வரிசையாகச் செய்தனர். கடைசியிற் கூறியதே இன்றும் உலகெங்கும் முன்மோதல் சோதனைகளில் மிகுதியும் அமர்ந்திருப்பது. அஃது ஏறத்தாழ 175 சென்டிமீட்டர் உயரமும் 78 கிலோகிராம் எடையும் உடைய நடுத்தர அமெரிக்க ஆடவன் அளவினது.

அதன் உள்ளமைப்பைக் காண்போர் வியப்புறுவர். தலை அலுமினிய ஓடு. மேலே வினைல் தோல். உள்ளே வேகமாறுதலை அளக்கும் கருவிகள். கழுத்து, ரப்பர்த் துண்டுகளும் அலுமினியத் தட்டுக்களும் மாறிமாறி அடுக்கப்பெற்று நடுவே எஃகுக் கயிறு ஓடுவது. மார்பில் ஆறு எஃகு விலாக்கள். அவை துள்ளித் திரும்பாமல் தணிக்கும் பொருள் அவற்றின் உட்புறத்தே ஒட்டப்பெற்றிருக்கும். தொடையெலும்பிலே விசையளக்கும் கருவி. இத்தனையும் இருந்தும், பாவை சோதனைக்கு அமருமுன் தானே ஒரு பரீட்சைக்கு உட்படவேண்டும். அதன் தலையைக் கழற்றி 376 மில்லிமீட்டர் உயரத்தினின்று கெட்டியான எஃகுத் தட்டின்மேல் விடுவர். அப்போது எழும் அதிர்ச்சி புவியீர்ப்பின் 225 மடங்குக்குக் குறைதலும் கூடாது. 275 மடங்குக்கு மேற்படுதலும் கூடாது. மார்பை 23 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட ஊசற்குண்டால் தாக்கி, அது அமுங்கும் அளவு குறித்த எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்ப்பர். இவ்வெல்லைகள் பிரேதங்களிலும் தன்னார்வலர்களிடத்தும் கண்ட அளவுகளினின்று பெறப்பட்டவை. ஆதலின், முன்னிருந்து வரும் அடிக்குத் தலையும் மார்பும் நடந்துகொள்ளும் வகையில் இப்பாவை மனிதனைப் போதுமான அளவு ஒத்தது என்று கூறுதல் மிகையாகாது. பாவையை நகைப்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இனிப் பாவையை முழுதும் நம்புவோருக்குக் கூறவேண்டுவன சில உள. ஹைப்ரிட் மூன்று முன்மோதலுக்கென்றே செய்யப்பட்டது. பக்கவாட்டில் மோதினால் அதன் விலா மனித விலாவைப்போல் வளையாது. அதற்கு வேறு பாவை வேண்டும். பின்னிருந்து மோதினால் அதன் முதுகு காட்டிக்கொடுத்துவிடும். மார்புப் பகுதியில் அதன் முதுகுத்தண்டு வளையாத எஃகாகலின், மனிதக் கழுத்து பாம்புபோல் நெளிந்து வலியுறும் தன்மையை அது காட்டமாட்டாது. இக்குறையை நீக்கவே 1990-களின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டார், மனிதனுக்குள்ளவாறே கழுத்து முதல் இடுப்பு வரை இருபத்துநான்கு முள்ளெலும்புகளைக் கோத்துத் தனியொரு பாவை செய்தனர். வயிற்றைக் குறித்தோ ஹைப்ரிட் மூன்று இயல்பாக ஒன்றும் அளப்பதில்லை. கட்டுவார் இடுப்பெலும்பை விட்டு மேலேறி வயிற்றில் அழுந்தினால் ஈரலும் மண்ணீரலும் கிழியும். பாவைக்கோ ஈரலுமில்லை, மண்ணீரலுமில்லை. தலைக்காயத்திற்கு வழங்கும் சூத்திரமும் தலை நேர்கோட்டில் அதிர்வதையே கணக்கிடுகிறது. தலை சுழலுவதால் மூளைக்குள் நேரும் கேட்டை அது கணக்கில் கொள்வதில்லை. இவற்றுட் சிலவற்றைத் திருத்தும்பொருட்டுத் தோர் என்னும் புதிய பாவை செய்யப்பட்டது. ஹைப்ரிட் மூன்று மார்பின் அமுக்கத்தை ஓரிடத்தில் அளக்க, இது நான்கு இடங்களில் அளக்கின்றது. 2020 முதல் ஐரோப்பாவில் வண்டிகளுக்கு நட்சத்திரம் வழங்கும் சோதனைகளில் இப்பாவை இடம்பெற்றுள்ளது.

இவையெல்லாம் நுட்பக் குறைகள், காலப்போக்கில் தீர்வன. அவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. அஃது எவர் உடலை ஒத்த பாவை என்னும் வினா. இவ்வினாவைக் கேளாது விட்டமையால் உயிர்ச்சேதமே நேர்ந்தது. அமெரிக்காவில் காற்றுப்பைகள் பரவத் தொடங்கிய காலத்தில், கட்டுவார் அணியாத நடுத்தர ஆடவப் பாவையைக் காக்கவேண்டும் என்று சட்டம் விதித்திருந்தது. 78 கிலோகிராம் எடையுள்ள உருவம் தடையின்றி முன்னோக்கிப் பாய்வதை நொடிப்பொழுதில் தடுக்கவேண்டுமாயின், பை மிக வலிமையாய் வெடித்து விரியவேண்டும். அவ்வாறே செய்தனர், பாவையும் தேறிற்று. ஆனால் சாலையில் அவ்வண்டிகளில் சென்றவர் அப்பாவை மட்டுமல்லர். உயரம் குறைந்தமையால் சக்கரத்தை நெருங்கி அமர்ந்த பெண்களும், முன்னிருக்கையில் இருந்த குழந்தைகளும், உயிரைக் காக்க வந்த பையாலேயே மாண்டனர். 1990 முதல் 2008 வரை இங்ஙனம் சிறிய மோதல்களில் இறந்தோர் 290-க்கும் மேற்பட்டோர் என்பது அந்நாட்டு அரசாங்கக் கணக்கு. இறந்தோருட் பெரும்பாலோர் கட்டுவாரைச் செவ்வனே அணியாதவர் என்பதும், அதே காலத்தில் காற்றுப்பைகள் பல்லாயிரவரைக் காத்தன என்பதும் உண்மையே. ஆயினும் ஒருவயதுக் குழந்தையின் கழுத்து எவ்வளவு தாங்கும் என்று கேட்கும் பாவை ஒன்று அச்சோதனையில் தொடக்கத்திலேயே அமர்த்தப்பட்டிருப்பின், அக்குழந்தைகளிற் பலர் பிழைத்திருப்பர் என்பதில் ஐயமில்லை. 2000-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, சிறிய பெண்ணும், ஒருவயது, மூன்றுவயது, ஆறுவயதுக் குழந்தைகளும் பாவை உருவில் சோதனைக்குள் வந்தனர். திருத்தம் வந்தது நன்றே. ஆனால் அதற்கு முந்திய மரணங்களே அதற்கு வழிகாட்டின என்பதை நினைக்க உள்ளம் வருந்துகிறது.

அச்சிறிய பெண் பாவையைப் பற்றியும் ஒரு சொல். அதன் உயரம் ஏறத்தாழ 150 சென்டிமீட்டர். எடை 49 கிலோகிராம். அமெரிக்கப் பெண்களுள் நூற்றுக்கு ஐவரே அவ்வளவினும் சிறியர். அன்றியும் அது பெரும்பாலும் ஆடவப் பாவையைச் சுருக்கிச் செய்ததேயன்றிப் பெண்ணுடலின் இடுப்பு, தோள், கழுத்துத் தசை இவற்றின் வேறுபாட்டினின்று எழுந்ததன்று. 2011-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியில், கட்டுவார் அணிந்த பெண் ஓட்டுநர் கடுங்காயமுறும் வாய்ப்பு, ஒத்த மோதலில் ஆடவரினும் 47 விழுக்காடு மிகுதியெனக் கண்டனர். 2019-இல் அவர்களே முன்மோதல்களை மட்டும் ஆராய்ந்தபோது அது 73 விழுக்காடாயிற்று. பெண்கள் சிறிய வண்டிகளை மிகுதியும் ஓட்டுவதே இவ்வேறுபாட்டிற்குப் பெருங்காரணம் என்று வாதிப்போரும் உளர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் வண்டியையும் மோதலையும் ஒத்தவையாக எடுத்துப் பார்த்தபின்னும் கால்களில் நேரும் காயம் பெண்களுக்கே மிகுதியென 2021-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி காட்டிற்று. நடுத்தரப் பெண்ணின் அளவாகிய 162 சென்டிமீட்டர் உயரமும் 62 கிலோகிராம் எடையும் கொண்ட பாவை ஒன்றைச் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஆஸ்ட்ரிட் லிண்டர் தலைமையிலான குழுவினர் 2022-இல் உலகுக்குக் காட்டினர். முதற்பாவை பிறந்து எழுபத்துமூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே மக்களில் பாதியினர்க்கு நடுத்தர அளவுள்ள ஒரு பாவை கிடைத்ததென்றால், காலதாமதத்திற்கு அறிவின்மை காரணமன்று, கேளாமையே காரணம்.

இக்காலத்தில் கணிப்பொறிக்குள்ளே மனித உடலை வரைந்து மோதவிடும் முறையும் வந்திருக்கிறது. டொயோட்டா நிறுவனத்தார் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2021 முதல் எவரும் விலையின்றிப் பெறுமாறு செய்த தம்ஸ் என்னும் உருவம் இத்தகையது. அதில் எலும்பும் உண்டு, குடலும் உண்டு, மூளையும் உண்டு. ஆண், பெண், குழந்தை என மாற்றவும் ஆகும். ஆகவே இனிப் பாவை வேண்டா என்று சிலர் கூறுகின்றனர். அதற்கு நாம் உடன்படோம். கணிப்பொறியிலுள்ள ஈரலும், உண்மை ஈரலை எவரோ அளந்து சொன்ன அளவின்படியே கிழியும். அவ்வளவு முதியோர் உடலினின்று மட்டும் பெறப்பட்டதாயின், கணக்கும் முதியோர்க்கே பொருந்தும். கருவி நுட்பமாவதனால் கேள்வி தானே நேராகிவிடாது.

ஆகவே நாம் கொள்ளும் முடிவு இது. பாவை, தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு உண்மையான விடை தருகிறது. கேளாத கேள்விக்கு விடை தருவதில்லை. அதன் மௌனத்தைப் பத்திரமென்று கொள்வதே அபாயம். நம் நாட்டில் 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் திட்டத்தின்கீழ் வண்டிகளைச் சோதித்து நட்சத்திரம் வழங்குகின்றனர். மெச்சத்தக்க முயற்சி. 2014-இல் வெளிநாட்டு அமைப்பொன்று இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறு வண்டிகளைச் சோதித்தபோது ஐந்தும் ஆடவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறாத நிலையினின்று நாம் எவ்வளவோ முன்னேறியுள்ளோம். எனினும் 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேருள் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றோர். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் கால்நடையாய்ச் சென்றோர். வண்டிக்குள் கட்டுவார் அணிந்து அமர்ந்திருக்கும் பாவை இவர்களைப்பற்றி வாய்திறப்பதில்லை. தாயின் பின்னே இருசக்கர வண்டியில் ஒருக்களித்து அமர்ந்துசெல்லும் மூதாட்டிக்கோ, தகப்பனுக்கு முன்னே நின்றுசெல்லும் சிறுவனுக்கோ ஒத்த பாவை எச்சோதனைச் சாலையில் உளது?

நம் கல்லூரியினின்று பொறியியலுக்கும் மருத்துவத்திற்கும் செல்லும் மாணவர்க்கு இதில் இரண்டு பணிகள் உள்ளன. சோதனையின் பயனாக ஓர் எண் உங்கள் முன் வைக்கப்படும்போது, இஃது எவர் உடலைக் கொண்டு அளந்தது, எத்திசையினின்று மோதியபோது அளந்தது என்று கேட்டல் முதற்பணி. நம் நாட்டு உடல்களின் அளவையும் தாங்குதிறனையும் அறியும் ஆராய்ச்சிக்குத் துணைசெய்தல் இரண்டாவது. இறந்தபின் உடலை ஆராய்ச்சிக்கு ஈவதற்கு நம்மவர் இன்னும் தயங்குகின்றனர். அத்தயக்கம் பழிக்கத்தக்கதன்று, ஏனெனில் அது மாண்டோரிடம் கொண்ட அன்பினின்று பிறப்பது. ஆயினும் வேய்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்பர்ட் கிங் என்பார் 1995-இல் கணக்கிட்டபடி, பிரேதங்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சியினால் வண்டிகளில் நேர்ந்த திருத்தங்கள் 1987 முதல் ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,500 உயிர்களைக் காத்துவந்தன. பெயர் அறியப்படாத அவ்வீகையாளர்களின் உடலே ஒவ்வொரு பாவைக்குள்ளும் அளவாய் உறைந்து கிடக்கிறது. அவர்களுள் நம் நாட்டு முதியோரும், பெண்களும் ஒருநாள் இடம்பெறுவராயின், நம் மக்களை ஒத்த பாவையும் அன்று பிறக்கும்.